முப்பத்தொரு வாசல்

இழைப்புத் திருவிழாக் கூடத்து வாசலில் காலணியைக் கழற்றும்போதே ஹினோக்கி மரத்தின் வாசனை இசோபேயின் மூக்கில் ஏறியது. அவன் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பத்தொன்பது வருஷமாக அவன் மூக்குக்குப் பழகியதெல்லாம் சிமெண்டும் பிளைவுட் பசையும்தான். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிற வேலை. கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள். எறிவதற்கென்றே செய்கிற அந்த வேலைதான் தனக்குத் தகுந்தது என்று அவன் நம்பியிருந்தான், போன பிப்ரவரி வரை.

கையில் ஒரு தகரத் தேநீர் டப்பா இருந்தது. கிசோ ரயிலில் இரண்டு மணி நேரமும் அதை மடியை விட்டு இறக்கவில்லை.

உள்ளே நாற்பது உத்தரங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு தச்சன் குனிந்து, இழைப்புளியைத் தன்னை நோக்கி இழுத்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தான். இழைப்புளியின் வாயிலிருந்து சீவல் எழும்பி, மூச்சுக் காற்றுக்கே அலைந்து, தரையில் விழ மனமில்லாமல் விழுந்தது. குழந்தைகள் அதைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நடுவில் கறுப்புத் துணி விரித்த நீள மேஜை. அதன் பின்னால் மைக்கோடு உட்கார்ந்திருந்த நிஷினா அம்மா, வருகிற சீவலையெல்லாம் மூன்று இடத்தில் அளந்து எண்ணைக் கத்திக்கொண்டிருந்தாள்.

"பதினேழாம் நம்பர்! ஆறு, ஏழு, ஆறு! போன தடவைக்குப் பரவால்ல. அடுத்தவர் வாங்க. தம்பி, சீவலப் பாத்துப் பிடி, உன் கைக்குட்டை இல்ல அது!"

"டேய்! இசோபேதானே?"

யாரோ முதுகில் ஓங்கி அறைந்தார்கள். ஒகுமுரா. அந்தக் காலத்தில் ஒரே பட்டறையில் அவனுக்கு நாலு வருஷம் மூத்தவர். இப்போது தலையில் ஒரு முடி இல்லை. முகம் மட்டும் அப்படியே சிரித்தபடி இருந்தது.

"ஒகுமுரா அண்ணே."

"உயிரோடதான் இருக்கியா? நான் உனக்கு ஊதுபத்தியே ஏத்திட்டேன்டா. இழைக்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"

"பாக்கத்தான்."

"அதுவும் சரிதான். இங்க எல்லாரும் மூணு மைக்ரான், நாலு மைக்ரான்னு திரியிறானுங்க. ஒரு முடியில இருபது சீவல் எடுப்பானுங்க போல. எனக்கு முடியும் இல்ல, சீவலும் வரல. காலைலேர்ந்து பதினொண்ணுலயே நிக்கிறேன். மழை ஈரத்துல என் இழைப்புளி கட்டை முறுக்கிக்கிச்சு, என் மாமியார் மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேஸ்திரியும் வந்திருக்கார். தெரியுமில்ல?"

"தெரியும்."

"போய்ப் பாரு. பழசெல்லாம் அவர் மனசுல வச்சுக்க மாட்டார்."

 இசோபே டப்பாவின் மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஹொன்ஜோ மேஸ்திரி ஒரு கோயில் மண்டபத்தை எடுத்துக் கட்டினார். நடு விட்டத்துக்கு ஒரு கெயாக்கி மரம் வேண்டியிருந்தது. முந்நூறு வயசு மரம். அது இசோபேயின் ஊரான குருமிசாவாவின் பொது மரம். அவன் வீட்டைத் தவிர ஊரில் முப்பத்தொரு வீடு. இசோபேயின் அப்பா ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசி, என் மகன் கையால்தான் அதை அறுக்கப்போகிறான் என்று பெருமையாகச் சொல்லி, சம்மதம் வாங்கினார். அப்போது இசோபேக்கு இருபத்தேழு வயசு.

அந்த விட்டம் ஒரு சுன் குறைந்துபோனது. கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அறுத்த மரம் வளராது.

கட்டடத்தின் அளவெல்லாம் ஒரே ஒரு கோலில்தான் இருக்கும். மேஸ்திரி தன் கையால் மூங்கில் பேனாவை மையில் தோய்த்து அதில் கோடு போடுவார். எல்லாரும் அந்தக் கோலிலிருந்துதான் அளவு எடுக்க வேண்டும். ஹொன்ஜோவின் பட்டறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கோட்டின்படி மரத்தை அறுத்து முடித்தவன், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தன் அடையாளத்தை மையால் வைக்க வேண்டும். இன்னொருவன் தெரியாமல் மறுபடி அறுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒகுமுராவின் அடையாளம் ஒரு வட்டம். இசோபேயின் அடையாளம் மூன்று கீறல், காக்கைக் கால் போல.

அறுத்த மூன்றாம் நாள் மதியம் ஹொன்ஜோ எல்லாரையும் கூப்பிட்டு, கோலை விட்டத்தின் மேல் வைத்துக் காட்டினார். கோல் சரியாக இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் காக்கைக் கால் இருந்தது. விட்டம்தான் குட்டை. இசோபே மரத்தூளில் நெற்றி படக் குனிந்தான். தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டது என்று அன்றைக்கு நம்பினான்.

"என்கிட்ட குனிஞ்சு என்ன பண்றது?" என்றார் ஹொன்ஜோ. "மரம் குடுத்தவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு சொல்லணும். ஒவ்வொரு வீட்டுலயும்."

அவனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அப்பா போனார். நவம்பர் மழையில், ஒரே நாளில், முப்பத்தொரு வாசல். திரும்பி வந்து ஈரக் காலுறையைக் கழற்றிப் பிழிந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகும் சாகும்வரை சொல்லவில்லை. ஊர்க் கூட்டத்துக்கு மட்டும் போவதை நிறுத்திக்கொண்டார்.

இசோபே உளிகளைத் துணியில் சுற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு நகரத்துக்குப் போனான். வருஷா வருஷம் புத்தாண்டுக்கு மேஸ்திரிக்கு மன்னிப்புக் கேட்டு ஓர் அட்டை. வருஷக் கடைசியில் ஒரு பெட்டி உலர்த்திய பெர்சிமன் பழம். அப்படிப் பத்தொன்பது பெட்டி.

பிப்ரவரியில் அப்பா இறந்தார். வீட்டை ஒழிக்கும்போது அலமாரியில் இந்த டப்பா கிடைத்தது. பார்த்ததும் நினைவு வந்தது. அந்த மூன்றாம் நாள் காலை, மேஸ்திரியின் இழைப்பு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சீவலை அவன் எடுத்து ஒளித்துவைத்திருந்தான். நாலு மீட்டர் நீளம், ஓர் இடத்திலும் கிழியாமல், ஒரே இழுப்பில் வந்த சீவல். தன் சீவலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் எடுத்தான். சுருண்டிருந்ததை விரித்துக்கூடப் பார்க்காமல் டப்பாவில் போட்டான். மதியம் இடி விழுந்தது. அதன் பிறகு அந்த டப்பாவை அவன் திறக்கவே இல்லை.

பிப்ரவரியில் திறந்தான். சீவல் மொறுமொறுவென்று இருந்தது. ஈரத் துணியில் சுற்றி வைத்து, இளகிய பிறகு, செத்துப்போன அப்பாவின் அறைப் பாயின் மேல் மெல்ல விரித்தான். மைக் கோடுகள் வரிசையாக வந்தன. ஹொன்ஜோவின் கை. நாலாவது, ஐந்தாவது. ஐந்தாவதற்குப் பக்கத்தில் மூன்று கீறல். அவன் கீறல்.

அளந்து பார்த்தான். இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு சுன் குறைவு.

அன்று அவன் வெகுநேரம் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தான். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. எழுந்தபோது, பத்தொன்பது வருஷம் தன்னையே தின்றுகொண்டிருந்த ஒன்று முகத்தைத் திருப்பி வேறொரு பக்கம் பார்ப்பது தெரிந்தது. எட்டு மாதம் அது அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அவசரப்படவில்லை. சீவல் மட்டும் போதாது. கோலும் வேண்டும். வேலை முடிந்தால் கோலைக் கட்டடத்திலேயே வைத்துவிடுவது வழக்கம்; அது அந்தக் கோயிலின் கூரைக்குள் கிடக்கிறது. இழைப்புத் திருவிழாவில் ஹொன்ஜோவுக்குச் சிறப்புச் செய்ய அதை இறக்கிக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள் என்று செப்டம்பரில் ஒரு துண்டறிக்கையில் படித்தான். அன்றிரவு பல வருஷம் கழித்து நன்றாகத் தூங்கினான்.

மேடைக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலிகளின் மேல் கோல் கிடந்தது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு பெரிய புகைப்படம்: நடு விட்டத்தின் முனையில் ஹொன்ஜோ போட்ட ஒட்டு. குட்டையான விட்டத்தோடு இன்னொரு துண்டைக் கோத்து, இணைப்பே தெரியாமல் செய்த வேலை. அந்த ஒட்டைப் பார்க்கத்தான் இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். அதுதான் ஹொன்ஜோவை ஹொன்ஜோ ஆக்கியது.

அவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயசு. முதுகு உத்தரம் போல நேராக இருந்தது.

"என்கிட்ட ஒரு மடையன் வேலை பாத்தான். பேரு வேண்டாம், பாவம், எங்கேயோ பொழச்சுப் போகட்டும். கோல்ல கோடு இங்க இருக்கு, இவன் ரம்பத்த அங்க வச்சான்!" கூட்டம் சிரித்தது. "மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல. நாலாவது நாள் தோணுச்சு. மரம் தப்புப் பண்ணலயே, அத ஏன் தண்டிக்கணும்? அந்த ஒட்டு அப்படித்தான் பொறந்துச்சு. இன்னைக்கு நினைச்சா, அந்த மடையனுக்கு நான் நன்றி சொல்லணும்!"

கை தட்டினார்கள். இசோபேயும் தட்டினான். உள்ளங்கை இரண்டும் ஒன்றை ஒன்று தொடாத மாதிரி மெதுவாக.

மேடையிலிருந்து இறங்கியவர் அவனைப் பார்த்துவிட்டார். கண்ணைச் சுருக்கினார். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"அட, இசோபே! வந்துட்டியா! பாத்தியா, மேடையில உன் பேரச் சொல்லல. ஒரு நாளும் சொன்னதில்ல."

"கேட்டேன், மேஸ்திரி. ரொம்ப நன்றி."

"போன வருஷப் பழம் நல்லா இருந்துச்சு. அதுக்கு முந்துன வருஷம் கொஞ்சம் கெட்டியா இருந்தது. பல்லு போன கிழவனுக்கு அனுப்புறோம்னு யோசிக்க வேண்டாமா?" தோளில் தட்டிச் சிரித்தார். "கையில என்ன, அதுவும் பழமா?"

"ஒரு சீவல், மேஸ்திரி. பழசு. அளந்து பாக்கலாம்னு கொண்டுவந்தேன்."

"நீ இழைச்சதா?"

"இல்ல. யாரு இழைச்சதுன்னு சொல்ல ஆள் வேணும். நீங்க பாத்தா தெரியும்."

ஹொன்ஜோவின் புருவம் உயர்ந்தது. சீவலைப் பார்த்தே ஆளைச் சொல்வது அவருக்குப் பிடித்த விளையாட்டு. ஒவ்வொரு திருவிழாவிலும் செய்வார். அது இசோபேக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதமாக அவன் எண்ணிப் பார்த்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. மேஸ்திரி நடந்தால் பின்னாலேயே பத்துப் பேர் நடப்பார்கள். ஒகுமுராவும் வந்து எட்டிப் பார்த்தார். இசோபே டப்பாவைத் திறந்தான். வரும்போதே ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்ததால் சீவல் இளகியிருந்தது. கோலின் அடிப்பக்கத்தில் ஒரு முழம் அளவுக்குக் கோடே இருக்காது. அந்த ஒரு முழத்தை மட்டும் கறுப்புத் துணியின் மேல் விரித்தான். மீதியைச் சுருளாகவே உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டான்.

நிஷினா அம்மா அளவுமானியை வைத்தாள். மைக்கை மறந்தும் அணைக்கவில்லை.

"நாப்பது."

கூட்டம் சிரித்தது. "நாப்பது மைக்ரானா? செருப்புத் தைக்கலாம்டா அதுல!" என்றார் ஒகுமுரா.

"சிரிக்காதீங்க." அவள் நடுவில் வைத்தாள். "நாப்பது." ஓரத்தில் வைத்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "நாப்பது. இது எத்தன மீட்டர் நீளம்?"

"நாலு, அம்மா. எங்கயும் கிழியல."

சிரிப்பு அடங்கியது. மெலிசாக இழைப்பது ஒரு வித்தை. நாலு மீட்டருக்கு ஒரே கனத்தில் பின்னால் நடப்பது வேறு வித்தை. ஹொன்ஜோ குனிந்தார். விரல் நுனியால் சீவலின் முனையைத் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"யாரும் கண்டுபிடிக்கலயா?" சுற்றிலும் பார்த்தார். "இழுக்க ஆரம்பிக்கிற இடத்தப் பாருங்க. நீங்கல்லாம் இந்த இடத்துல அழுத்துவீங்க. கனம் கூடிரும். இங்க கூடல. இந்த நாட்டுல ஒருத்தன் கைதான் இப்படி இழுக்கும்."

"யாரு கை, மேஸ்திரி?" என்றான் இசோபே.

"என் கைதான்டா! எங்க கிடைச்சது உனக்கு?"

"உங்க பட்டறையில. மேஜைக்கு அடியில, குப்பையில."

"கேட்டீங்களா? என் குப்பையே இந்த லட்சணம்!"

கூட்டம் கை தட்டியது. நிஷினா அம்மா பலகையில் எழுதச் சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

"பேரு எழுதிரவா? இழைச்சவர் ஒத்துக்கிட்டாத்தான் எழுதுவேன்."

"எழுதுங்க, எழுதுங்க. ஹொன்ஜோ."

அவள் எழுதினாள். இசோபே அந்தப் பெயர் எழுதி முடியும்வரை காத்திருந்தான். பிறகு உள்ளங்கையைத் திறந்து, சுருளை மேஜையின் நீளத்துக்கு உருட்டிவிட்டான்.

முதல் கோடு வந்தது. இரண்டாவது வந்தது. வட்டம் ஒன்று, ஒகுமுராவின் அடையாளம். நாலாவது. ஐந்தாவது கோடும், அதன் பக்கத்தில் காக்கைக் காலும். கரி மை நீருக்குக் கரையாது. பத்தொன்பது வருஷத்துக்கும் அது கரையவில்லை.

ஹொன்ஜோ சிரித்த வாய் சிரித்தபடியே நின்றது.

"என் வட்டம்டா இது," என்றார் ஒகுமுரா மெதுவாக. "இது... நம்ம மண்டபத்துக் கோல் இல்ல?"

"அளந்துரலாம் அண்ணே. கோல் அங்கதான் இருக்கு."

கயிற்றைத் தாண்டி உள்ளே போனான். யாரும் தடுக்கவில்லை. ஒரு முனையை ஒகுமுரா பிடித்தார்.  சீவலைக் கோலின் மேல் படுக்க வைத்தார்கள். மரத்தின் ரேகைகள் ரேகைகளின் மேல் போய் உட்கார்ந்தன. ஓரத்தில் கடுகளவு ஒரு கண், கோலிலும் இருந்தது, சீவலிலும் இருந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. கோடுகளும் விழுந்தன. ஐந்தாவது மட்டும் விழவில்லை. கோலில் இருந்த கோடு கட்டைவிரல் தள்ளி இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு காக்கைக் கால்.

"ஒகுமுரா அண்ணே, நம்ம பட்டறையில அடையாளம் எப்ப வைப்போம்?"

"அறுத்து முடிச்ச பிறகு."

"ஒரு மரத்த நான் எத்தன தடவ அறுத்தேன்?"

 ஒகுமுராவின் முகத்தில் அந்தச் சிரிப்பு முதல் முறையாக இல்லை.

கூடத்தில் இழைப்புளிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மழை கூரையில் விழுவது கேட்டது. எங்கோ ஒரு குழந்தை சீவலைக் கசக்கும் சத்தம் கேட்டது. அந்த மௌனத்தில் இசோபே குறுக்கிடவில்லை. அது எவ்வளவு நேரம் நீளுமோ அவ்வளவு நேரம் நீளட்டும் என்று விட்டுவிட்டான். ஹொன்ஜோ கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரனாக இல்லாமல் போயிருந்தால் தப்பித்திருப்பார். தப்புக் கோட்டைக் கோலின் மேலிருந்து இழைத்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கோடும் காக்கைக் காலும் போட்ட அன்றைக்கு, அவசரத்தில் ஏனோதானோவென்று இழைத்திருந்தால் சீவல் துண்டு துண்டாகப் போயிருக்கும். பொய்யை மறைக்கும்போதுகூட அவருடைய கை மோசமாக இழைக்கச் சம்மதிக்கவில்லை.

"வேற யாராவது..." என்று ஆரம்பித்தார்.

"பலகையில உங்க பேருதான் இருக்கு, மேஸ்திரி," என்றாள் நிஷினா அம்மா. மைக் இன்னும் போட்டபடியே இருந்தது.

ஹொன்ஜோ முக்காலி ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குரல் இசோபேக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியது.

"அந்தக் கோயில் வேலை போயிருந்தா பட்டறையே போயிருக்கும். பதினாலு பேரு. நீ சின்னப் பையன். எங்க போனாலும் பொழச்சுக்குவன்னு நினைச்சேன்."

"பொழச்சுக்கிட்டேன்."

"எல்லார் முன்னாலயும் உன் கால்ல விழுறேன். போதுமா?"

அவர் முழங்கால் மடங்கத் தொடங்கியது. இசோபே அவருடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். பார்க்கிறவர்களுக்கு மரியாதை போலத்தான் தெரிந்திருக்கும். பிடி இறுகியது அவருக்கு மட்டும் தெரியும்.

"என்கிட்ட குனிஞ்சு என்ன பண்றது, மேஸ்திரி? மரம் குடுத்தவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு சொல்லணும். ஒவ்வொரு வீட்டுலயும்."

தான் சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்தது. கண்ணில் தெரிந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை," என்றான் இசோபே. "காலை பத்து மணி பஸ். குருமிசாவா நிறுத்தத்துல நிப்பேன். வரலன்னா பரவால்ல. நான் இனிமே எல்லாத் திருவிழாவுக்கும் இந்தச் சீவலோட வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கறுப்பு உடுப்பு, கையில் தொப்பி. ஒகுமுரா கூட வருவதாகச் சொன்னாராம், இவர்தான் வேண்டாம் என்றுவிட்டாராம். அன்றைக்கு மழை இல்லை. அது இசோபேக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அவன் பத்தடி பின்னால் நடந்தான். 

முதல் வாசலில் முள்ளங்கி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, கயிற்றைப் பிடித்தபடியே கேட்டாள். ஹொன்ஜோ இடுப்பு வரை குனிந்து, கோலில் தப்புக் கோடு போட்டது நான், பழியை இசோபே மேல் போட்டதும் நான் என்று சொன்னார்.

"எந்த மரம்?" என்றாள் அவள். "நான் கல்யாணமாகி வந்தே பன்னெண்டு வருஷம்தான் ஆகுது."

அவர் திரும்பி இசோபேயைப் பார்த்தார். இசோபே அடுத்த வாசலைப் பார்த்தான்.

நாலாவது வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். ஏழாவது வீட்டில் ஒரு கிழவர் காது கேட்காமல் மூன்று முறை சொல்ல வைத்தார். மூன்றாவது முறை ஹொன்ஜோ கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவே கேட்டது. பதினோராவது வீடு பூட்டிக் கிடந்தது, கூரையில் புல் முளைத்திருந்தது. ஹொன்ஜோ அதைக் கடந்து நடந்தார்.

"மேஸ்திரி."

"ஆள் இல்லையேப்பா."

"வாசல் இருக்குல்ல."

ஹொன்ஜோ அந்தப் பூட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, சாத்திய கதவுக்கு முன்னால் குனிந்து, முழுசாகச் சொன்னார். பூட்டிய வீடுகள் பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டிலும் சொன்னார். அதற்குள் அவர் முதுகு நேராக நிமிர்வதை மறந்துவிட்டிருந்தது.

இருபத்தாறாவது வாசலில் எண்பது வயசைத் தாண்டிய ஓனோதெரா என்ற பெண்மணி கடைசிவரை கேட்டாள்.

"அன்னைக்கு இவன் அப்பா, அந்த மனுஷன், இதே இடத்துல நின்னான்," என்றாள். "மழை. உள்ள வாங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. நனையட்டும்னு விட்டுட்டேன். உன்னால நான் அப்படி நடந்துக்கிட்டேன். இத எங்க போய்த் திருப்பிக் குடுப்ப நீ?"

கதவைச் சாத்திக்கொண்டாள். ஹொன்ஜோ குனிந்தபடியே வெகுநேரம் நின்றார். இசோபே அவர் தலைக்கு மேல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மனசு இளகப் பார்த்தது. அதை அவன் அனுமதிக்கவில்லை.

முப்பத்தோராவது வீடு முடியும்போது மணி மூன்றரை. மலை நிழல் தெருவில் இறங்கிவிட்டது. தெருக் கோடியில் இன்னொரு வீடு மட்டும் இருந்தது. முகப்பில் காய்த்துத் தொங்கும் பெர்சிமன் மரம். இத்தனை வருஷம் பெட்டி பெட்டியாகப் பழம் போனது இந்த மரத்திலிருந்துதான். ஹொன்ஜோ அந்த மரத்தைப் பார்த்தார். யாரும் சொல்லாமலேயே அந்த வாசலை நோக்கி நடந்தார். கண் கலங்கியிருந்தது. நாள் முழுக்க ஒப்பித்த வார்த்தைகள் போல இல்லாமல் வேறு ஏதோ சொல்ல வாய் தயாராவது தெரிந்தது.

இசோபே பத்தடியையும் நாலு எட்டில் கடந்து, அவருக்கு முன்னால் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"இது இல்ல."

"இசோபே, உங்க அப்பாகிட்ட..."

"முப்பத்தொண்ணு முடிஞ்சுது, மேஸ்திரி."

"அவருகிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். ஒரு ஊதுபத்தி ஏத்திட்டுப் போறேன். கெஞ்சிக் கேக்குறேன்."

"தெரியும்," என்றான் இசோபே. "அதனாலதான்."

கிழவர் அவன் முகத்தையே பார்த்தார். அங்கே எதையோ தேடினார். இசோபே முகத்தை மறைக்கவில்லை, நன்றாகத் தேடட்டும் என்று நின்றான். தொப்பி அவர் கையில் சுருண்டு சுருண்டு விரிந்தது.

"கடைசி பஸ் நாலரைக்கு," என்றான். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

வீடு குளிர்ந்து கிடந்தது. அப்பாவின் அறையில் பாயின் மேல் உட்கார்ந்தான். வெளியே காலடிச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. ஒரு பழம் மரத்திலிருந்து விழுந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்தது போல இருந்தது. இசோபே இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். அந்த வார்த்தைகள் இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது.

கையை எடுத்தபோது வளைவில் பஸ் உறுமிக்கொண்டு இறங்குவது கேட்டது. நிறுத்தத்தில் நின்றது, கிளம்பியது. அவர் அதில் ஏறினாரா என்று பார்க்க அவன் எழுந்திருக்கவில்லை.